தழும்பும் மீளுருவாக்கமும்: இரத்மலானை வரலாற்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

உயிருடலில் ஏற்படும் காயம் இருவேறு வழிகளில் ஆறுகின்றது. இழந்த இழையம் முன்பிருந்த அமைப்பிலேயே மீண்டும் உருவாதல் ஒரு வழி. இழந்த இடத்தை வேறு வகையான நாரிழையம் நிரப்பி மூடுதல் மற்றொரு வழி. முன்னையதை மீளுருவாக்கம் என்றும் பின்னையதைத் தழும்பாக்கம் என்றும் இக்கட்டுரை வழங்கும். இரண்டிலும் குருதி நிற்கின்றது. இரண்டிலும் புண் மூடுகின்றது. புறத்தே நோக்குவோர்க்கு இரண்டும் 'ஆறிய புண்' என்றே தோன்றும். ஆயின் முன்பிருந்த செயல் முழுமையாக மீள்வது மீளுருவாக்கத்தில் மாத்திரமே.

சமூகங்களும் காயப்படுகின்றன. அவற்றின் ஆறுதலைப் பற்றிப் பேசும்போது புனர்வாழ்வு, புனரமைப்பு, மீள்குடியேற்றம், இழப்பீடு, நல்லிணக்கம் எனப் பல சொற்களை நாம் வேறுபாடின்றிக் கையாண்டு வருகிறோம். இச்சொற்கள் குறிக்கும் செயல்கள் ஒன்றல்ல. கொழும்பின் தென்புறத்தே, கல்கிசைக்கும் மொறட்டுவைக்கும் இடையில், காலி வீதியை ஒட்டி அமைந்த இரத்மலானையின் அண்மைக்கால வரலாற்றை எடுத்துக்கொண்டு, அங்கு எது மூடப்பட்டது, எது மீண்டது என்பதைப் பகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இழையங்கள் ஆறும் முறை

மேற்றோலில் மட்டும் ஏற்பட்ட சிராய்ப்பு வடுவின்றி ஆறுவதை அனைவரும் அறிவர். மேற்றோலின் அடிப்படையிலுள்ள கலங்கள் இடையறாது பிரிவடைபவை. அவை அமர்ந்திருக்கும் மென்படலம் சிதையாதிருப்பின், புதிய கலங்கள் அப்படலத்தின்மீது பரவித் தத்தம் இடங்களை அடைகின்றன. காயம் ஆழமாகி அச்சட்டகமே அழிந்துவிடின் நிலைமை மாறுகின்றது. குருதி உறைகின்றது, சிதைவுகளை விழுங்கும் கலங்கள் வந்து சேர்கின்றன, பின்னர் நார்களைச் சுரக்கும் கலங்கள் கொலாஜன் என்னும் புரதத்தால் அவ்விடத்தை விரைந்து நிரப்புகின்றன. இவ்வாறு தோன்றும் தழும்பில் மயிர்க்கால்களோ வியர்வைச் சுரப்பிகளோ மீள உண்டாவதில்லை. அதன் இழுவலிமையும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேற்செல்வதில்லை.

ஈரலின் நிலை வேறானது. எலியின் ஈரலில் மூன்றிலிரண்டு பங்கை வெட்டி அகற்றினும், எஞ்சிய பங்கு ஒரு வாரமளவில் முன்னைய நிறையை அணுகிவிடுவதை 1931ஆம் ஆண்டு ஹிக்கின்ஸ், அண்டர்சன் ஆகியோரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. இங்கு ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அகற்றப்பட்ட இதழ்கள் மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய இதழ்களே பெருத்து முழு ஈரலின் வேலையையும் ஏற்கின்றன. இத்தகைய ஆற்றல் வாய்ந்த ஈரலும், மதுவாலோ நோய்க்கிருமியாலோ மீண்டும் மீண்டும் தாக்கப்படின், நாளடைவில் நார்கள் மண்டி இறுகிச் சுருங்கிவிடுகின்றது. ஒரு முறை பட்ட பெருங்காயத்தைத் தாங்கும் உறுப்பு, ஓயாது படும் சிறு காயங்களால் அழிவது உடலியலின் முக்கியமான பாடங்களுள் ஒன்று.

நமக்குப் பழக்கமான பல்லியின் வால் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டது. அறுந்த வால் மீண்டும் வளர்கின்றது. ஆயினும் புதிய வாலினுள் முள்ளென்புகள் இல்லை. கசியிழையத்தாலான குழாயொன்றே உண்டு. சலமந்தரோ கால் முழுவதையும் என்போடும் நரம்போடும் மீட்டுக்கொள்கின்றது. அங்கும், சிதைவுகளை விழுங்கி அகற்றும் கலங்களைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடின் கால் வளர்வதில்லை, தழும்பே எஞ்சுகின்றது என்பது 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றின் முடிவாகும். அழிவின் எச்சங்களை அகற்றாத இடத்தில் ஆக்கம் நிகழாது என்பதே இதனாற் பெறப்படுவது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மீளுருவாக்கத்துக்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன எனலாம். சட்டகம் அழியாதிருத்தல் வேண்டும். காயப்படுத்தல் நின்று, சிதைவுகள் அகற்றப்படல் வேண்டும். அயலிலுள்ள உயிரிழையத்தின் துணை கிடைத்தல் வேண்டும். மூன்றாவது நிபந்தனையை இந்திய இரண வைத்தியர்கள் பண்டே உணர்ந்திருந்தனர். சுசுருத சங்கிதை கூறும் மூக்குச் சீரமைப்பு முறை வழிவழியாகப் பேணப்பட்டு வந்தது. திப்பு சுல்தானின் படையினரால் மூக்கு அறுக்கப்பட்ட கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் பூனாவில் நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794ஆம் ஆண்டு இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஐரோப்பிய வைத்தியர்கள் அம்முறையைப் பின்பற்றினர். நெற்றியிலிருந்து எடுத்த தோலை முற்றாக அறுத்துவிடாமல், புதிய இடத்தில் அது வேர்கொள்ளும்வரை ஒரு காம்பினால் பழைய குருதியோட்டத்துடன் இணைத்து வைத்திருத்தலே அச்சிகிச்சையின் உயிர்நிலையாகும்.

2. உடல் என்னும் உவமை

உடலையும் சமூகத்தையும் ஒப்புநோக்கும் வழக்கம் புதியதன்று. ஒவ்வொரு கலமும் முந்திய கலமொன்றிலிருந்தே தோன்றும் என்ற கோட்பாட்டை 1858ஆம் ஆண்டு நூலுருவில் விளக்கிய ஜேர்மானிய அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ, உயிருடலைக் கலங்களாகிய குடிகள் சேர்ந்து வாழும் ஓர் அரசாகக் கண்டார். அவர் அரசியலிலும் நேரடியாக ஈடுபட்டவர். 1848ஆம் ஆண்டு மேல் சைலீசியப் பிரதேசத்தில் பரவிய கொள்ளைநோயை ஆராயச் சென்றபோது, மருந்தினும் கல்வியும் சுயாட்சியும் வறுமை நீக்கமுமே அந்நோய்க்குப் பரிகாரம் என்று அறிக்கையிட்டார்.

எனினும் இவ்வுவமை ஆபத்து நிறைந்தது. தேசத்தை ஓர் உடலாகக் காண்போர், தமக்கு வேண்டாத மக்களை அவ்வுடலிற் புகுந்த அந்நியப் பொருளாகவும் கிருமியாகவும் காணத் தலைப்படுவதை இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாறு காட்டுகின்றது. ஆகவே இக்கட்டுரை உவமையை ஒரு வரம்புக்குள்ளேயே கையாள்கின்றது. கலங்கள் தெரிவு செய்வதில்லை. மனிதர் தெரிவு செய்கின்றனர். காயம் உடலுக்கு நேர்வது. கலவரம் மனிதரால் செய்யப்படுவது. எனவே சமூகத்தின் ஆறுதலில் நீதி என்பதொரு கேள்வி உண்டு. இழையத்தில் அதற்கு இடமில்லை.

3. இரத்மலானையின் நிறுவனங்கள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரத்மலானை பல பொது நிறுவனங்களின் நிலைக்களமாயிற்று. முன்னர் மருதானையில் இயங்கிய புகையிரத வேலைத்தளம் இங்கு மாற்றப்பட்டது. 1935ஆம் ஆண்டு நவம்பரில் முதல் விமானம் இங்கு தரையிறங்கியது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் தமிழகத்தையும் ஒரே கோட்டில் இணைத்த அவ்வான்வழி, தமிழர் வாழ்வில் இரத்மலானைக்கிருந்த இடத்தைச் சுட்டுவதாகும்.

மேரி சப்மன் அம்மையாரின் முயற்சியால் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செவிப்புலன் விழிப்புலன் இழந்தோர்க்கான பாடசாலை இரத்மலானையிலே வேரூன்றியது. அதன் கிளையாகக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் தோன்றியது. சிங்களத்தைத் தனி ஆட்சிமொழியாக்கிய சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தாய்மொழிச் சூழலிலே பயில வேண்டும் என்பது தக்க கல்வி நியாயமே. ஆயினும் நாட்டில் மொழிவழிப் பிரிவு விரைந்து நிகழ்ந்த காலத்தில் அப்பிரிவு நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

1950களின் முற்பகுதியில் இந்து வித்தியா விருத்திச் சங்கத்தின் முயற்சியால் இரத்மலானையில் கொழும்பு இந்துக் கல்லூரி எழுந்தது. தலைநகரில் அரச உத்தியோகத்திலும் வாணிகத்திலும் ஈடுபட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் தென்புறமாக விரிந்து குடியேறிய காலம் அது. வீடும் பள்ளியும் கோயிலும் தொழிலிடமும் அண்மையிலே அமைந்த ஒரு வாழ்வு இங்கு உருவாகத் தொடங்கியது. அவ்வாழ்வே இக்கட்டுரை கருதும் 'இழையம்' ஆகும்.

4. மூன்று காயங்கள்

1958ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூண்ட கலவரத்தில் வெள்ளவத்தை, இரத்மலானை, பாணந்துறை, களுத்துறை ஆகிய ஊர்களில் தமிழர் தாக்கப்பட்டனர். கொழும்பில் றோயல் கல்லூரி அகதி முகாமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் சில மாதங்களில் மீண்டும் கொழும்புக்குத் திரும்பினர். உத்தியோகமும் பள்ளியும் வாடகை வீடும் எஞ்சியிருந்தமையால், சட்டகம் அழியாத மேற்காயமாக அதனைக் கருத இடமுண்டு.

1977ஆம் ஆண்டு ஆகத்தில் இரண்டாவது காயம் நேர்ந்தது. அதனை விசாரிக்கச் சன்சோனி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1980இல் வெளியாயிற்று. எனினும் காயப்படுத்தியோர் தண்டிக்கப்படுவர் என்ற நம்பிக்கையை அது மக்களிடம் தோற்றுவிக்கவில்லை.

1983 ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை முன்னைய இரண்டினின்றும் தன்மையால் வேறுபட்டது. இம்முறை வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள் ஆகியவை ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டு எரிக்கப்பட்டன. தமிழர் நடத்திய ஆலைகள் அழிந்தபோது அவற்றிற் பணிபுரிந்த சிங்களத் தொழிலாளரும் வேலையிழந்தனர். இழையம் ஒன்றில் அயற்கலங்கள் தனித்து வாழ்வதில்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. மறுபுறம், சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் தம்முயிரையும் பொருட்படுத்தாது தமிழ்க் குடும்பங்களைத் தம் இல்லங்களில் மறைத்துக் காத்தனர். இரத்மலானையில் இந்துக் கல்லூரியும் விமான நிலையக் கொட்டகைகளும் அகதிகளால் நிறைந்தன. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வழிகாட்டிய நிலையமே வீடிழந்தோர் படுத்துறங்கும் இடமாயிற்று.

மூன்று காயங்களையும் ஒருங்கே நோக்கும்போதுதான் 1983இன் பின்விளைவு விளங்கும். இருபத்தைந்து ஆண்டுகளில் மும்முறை தாக்கப்பட்ட குடும்பம், நான்காவது முறைக்காக வீட்டைக் கட்டுவதில்லை. பலர் திரும்பவில்லை. வடக்குக்கும், கடல் கடந்தும், அல்லது கொழும்பிலேயே தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுக்கும் சென்றனர். மீளும் ஆற்றல் குன்றியமையால் நேர்ந்ததன்று இது. காயம் மறுபடி மறுபடி நேர்ந்தமையால் நேர்ந்தது.

5. மூடியதும் மீண்டதும்

1983இல் அரசு அவசரகாலப் பிரமாணங்களின் கீழ் ஓர் அதிகார சபையை நிறுவிற்று. பாதிக்கப்பட்ட சொத்துக்கள் அரசின் உடைமையாக்கப்பட்டு, பின்னர் உரியவர்க்கு மீள வழங்கப்படும் ஏற்பாடு செய்யப்பட்டது. பிறர் அபகரியாது காத்தல் அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆயினும் எரிந்த வீட்டின் உரிமையாளர் தம் உரிமையை மீளப் பெறுவதற்கே விண்ணப்பிக்க வேண்டியவரானார். 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் ஆட்கள், ஆதனங்கள், கைத்தொழில்கள் ஆகியவற்றின் புனர்வாழ்வுக்கான அதிகார சபையை நிரந்தரமாக அமைத்தது. நிதி வழங்கப்பட்டது, சுவர்கள் எழுந்தன, கடைகள் திறந்தன. காயத்தை மூடும் பணி நடைபெறவில்லை என்று எவரும் கூறமுடியாது.

சிதைவுகளை அகற்றும் பணி என்னவாயிற்று? 1981 முதல் 1984 வரையான இன வன்முறைகளை ஆராயும் உண்மை அறியும் ஆணைக்குழு 2001இலேயே நியமிக்கப்பட்டது. 2004 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983இன் வன்முறைக்காக மன்னிப்புக் கோரினார். இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை நிறுவும் சட்டம் 2018இல் நிறைவேறிற்று. வீடுகள் சில ஆண்டுகளில் எழுந்தன. மன்னிப்புக்கு இருபத்தொரு ஆண்டுகள் சென்றன. தழும்பு விரைவில் உண்டாகும், மீளுருவாக்கம் மெல்லவே நிகழும் என்னும் உடலியல் உண்மையை இக்கால வேறுபாடு நினைவூட்டுகின்றது.

இவ்வேறுபாடு ஓரினத்தின் அனுபவம் மட்டுமன்று. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் குண்டுத்தாக்குதலுக்குள்ளான கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் ஏறத்தாழ ஏழு வாரங்களிலேயே திருத்தப்பட்டு ஜூன் மாதம் மீளத் திறக்கப்பட்டது. தாக்குதலைத் தடுக்கத் தவறிய உயர் பதவியினர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்போ 2023 ஜனவரியிலேயே கிடைத்தது. கட்டடத்துக்கு வாரங்களும் பொறுப்புக்கூறலுக்கு ஆண்டுகளும் என்பது நம் நாட்டின் பொது வழக்காகிவிட்டது.

6. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்

1983இலே பெரிதும் எரிந்த வெள்ளவத்தை இன்று தமிழ் வாணிகமும் தமிழ்க் குடியிருப்பும் செறிந்த இடமாக விளங்குகின்றது. வடக்கில் நிகழ்ந்த போரினால் இடம்பெயர்ந்தோரும், வெளிநாட்டிலுள்ள உறவினரின் பணத்தைப் பெற்றோரும் அங்கு வந்து சேர, அடுக்குமாடிக் கட்டடங்கள் பெருகின. இதனை முழுமையான மீட்சியாகக் கருதுவோர் உளர். ஈரல் பற்றி மேலே கூறியது இங்கு பொருந்தும். அகற்றப்பட்ட இதழ்கள் முளைக்கவில்லை. எஞ்சிய இதழ் பெருத்தது. இரத்மலானையும் பாணந்துறையும் இழந்ததை வெள்ளவத்தை தன்மேல் ஏற்றுக்கொண்டது. மொத்த நிறை மீண்டிருக்கலாம். பழைய உருவம் மீளவில்லை. சிங்கள அயலவரோடு கலந்து பரவி வாழ்ந்த தமிழர் வாழ்வு, பாதுகாப்புக் கருதி ஓரிடத்தே திரண்ட வாழ்வாக மாறியது. பெருத்த இதழின் பயனை மறுப்பதற்கில்லை. அது பெருத்த காரணத்தையும் மறக்கலாகாது.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயில் வேறொரு முன்மாதிரியைக் காட்டுகின்றது. பொன்னம்பல முதலியாரால் 1856இல் அமைக்கப்பட்ட இக்கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். பழுதுற்ற கோயிலைப் புதுக்கும் சீர்ணோத்தாரணம் நிகழுங் காலத்தில், மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் எனும் தற்காலிக இடத்துக்கு மாற்றி, வழிபாடு தடைப்படாது நடத்துவது சைவ மரபு. கல் மாறலாம், சுவர் மாறலாம், பூசை நிற்றல் ஆகாது. இரத்மலானை வேலைத்தளத்திலே புகையிரத இயந்திரத்தை நிறுத்திவைத்துப் பழுதான உறுப்பைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். உயிருடலையும் கோயிலையும் ஊரையும் அவ்வாறு நிறுத்திவைத்துத் திருத்த இயலாது. இயங்கிக்கொண்டே புதுப்பிக்கப்படுதலே அவற்றின் இயல்பு.

7. சட்டகத்தின் பயன்

இவ்வளவில் நோக்கும்போது இரத்மலானையில் எஞ்சுவது தழும்பு மட்டுமோ எனும் வினா எழும். அவ்வாறன்று. அகதி முகாமாகிய இந்துக் கல்லூரி மூடப்பட்டு மறையவில்லை. சூழவிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல நீங்கிய பின்னர், போராலும் வறுமையாலும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் தங்கிப் பயிலும் இடமாகவும் அது பயன்பட்டது. அங்கு அகில இலங்கை இந்து மாமன்றம் மாணவர் விடுதியை நடத்தி வந்துள்ளது. முன்னர் அயல்வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்த வாங்குகளில் தூர இடத்துப் பிள்ளைகள் அமர்ந்தனர். கலங்கள் வேறு, சட்டகம் ஒன்றே. சட்டகம் எஞ்சியமையால் புதிய கலங்கள் வந்து பொருந்திப் பழைய செயலைத் தொடர முடிந்தது. இரத்மலானையில் மீளுருவாக்கம் என்னும் பெயருக்கு உரியது இதுவே எனலாம்.

தாமாக மீளாதவற்றுக்கும் வழியுண்டு. கண்ணின் விழிவெண்படலத்தில் மேற்பரப்பு மாத்திரமே சில நாட்களில் வடுவின்றி ஆறும். ஆழத்திற் பட்ட காயம் வெண்டழும்பாகிப் பார்வையை மறைக்கும். அதற்குப் பிறரின் விழிப்படலமே பரிகாரம். கலவரம் நிகழ்ந்த அதே 1958ஆம் ஆண்டில், இறந்தபின் கண்களைத் தானம் செய்யுமாறு வைத்தியர் ஹட்சன் சில்வா பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்தார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் நிறுவப்பட்டது. 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்நாட்டவரின் விழிப்படலங்கள் பார்வை தந்துள்ளன. பெறுபவரின் இனமோ மொழியோ அங்கு வினவப்படுவதில்லை. அயலாரைக் காயப்படுத்திய கைகளும் அறியாதார்க்குக் கண் கொடுத்த கைகளும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தன என்பது நம் வரலாற்றின் முழு உண்மையாகும்.

முடிவுரை

தழும்பு இகழத்தக்கதன்று. அது உண்டாகாவிடின் குருதிப் பெருக்காலும் கிருமியாலும் உயிர் போய்விடும். எரிந்த வீட்டுக்கு நிதி வழங்கியதும் கூரை வேய்ந்ததும் தேவையான பணிகளே. ஆயின் தழும்பை மீளுருவாக்கம் என்று பெயரிட்டு அழைப்பது பிழையான கணக்கீடாகும். எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்று வினவுவது பல்லியின் வால் முன்னைய நீளத்தை அடைந்துவிட்டதா என்று அளப்பதற்கு ஒப்பாகும். உள்ளே முள்ளென்பு உண்டா என்பதன்றோ கேள்வி. ஓர் ஊரில் ஓர் இனத்தவர் அச்சமின்றி வீடு வாங்குகின்றனரா, தம் மொழியில் அலுவலகத்திற் கருமம் ஆற்ற முடிகின்றதா, பிள்ளைகளை அயற்பள்ளிக்கு அனுப்புகின்றனரா என்பனவே செயல் மீண்டதை உணர்த்தும் குறிகள். தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்ற 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சட்டகமொன்றை வழங்கியது. அதனுள் உயிர்க்கலங்கள் குடிபுகுவது நடைமுறையைப் பொறுத்தது.

ஆகவே மீட்சியை ஆராய முற்படும் மாணவர், அரச அறிக்கைகளிலுள்ள தொகைகளோடு நின்றுவிடாது, பள்ளிகளின் வரவுப் பதிவேடுகளையும் கோயில்களின் திருப்பணி மலர்களையும் சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும் தேடிக் கற்றல் வேண்டும். எந்தச் சட்டகம் எஞ்சியது, எவர் அதனைக் காத்தனர், எவர் அதனுள் வந்து சேர்ந்தனர் என்பன அவற்றிலேயே பதிவாகியிருக்கும். அப்பதிவுகள் அழியுமுன் அவற்றைத் தொகுத்தல், தலைநகர்த் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் ஆற்ற வேண்டிய பணியாகும்.